முன் டயர் ஒரு ரகம், பின் டயர் இன்னொரு ரகம்: எந்த அளவுக்குக் கலக்கலாம்?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். பைக்கில் இரண்டும் 17 அங்குல அலாய் வீல். கம்பெனியிலிருந்து வந்தபோது முன்னே 100/80-17, பின்னே 130/70-17, இரண்டும் ட்யூப்லெஸ், இரண்டும் பயாஸ். (பயாஸ், ரேடியல் என்பவை டயருக்குள் நூல் அடுக்குகள் ஓடும் விதத்தை வைத்துப் பிரித்த இரண்டு ரகங்கள். விவரம் பின்னால்.) இப்போது பின் டயர் மொட்டை, முன் டயர் பாதி தேய்மானம். பின்னால் மட்டும் வேறு கம்பெனியின் 140/70 ரேடியல் மாட்டினால் கிரிப் கூடுமா, ஏதாவது சிக்கல் வருமா என்பது கேள்வி. ஒரு வரியில் கேட்டிருந்தாலும் இதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன: கம்பெனி மாறலாமா, அளவு மாறலாமா, பயாஸும் ரேடியலும் சேருமா, ஒன்றைப் புதுசாக்கிவிட்டு மற்றதை அப்படியே ஓட்டலாமா. முதல் கேள்விக்கு என் பதில் "பார்த்துச் செய்யலாம்". இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உங்கள் வண்டியைப் பொறுத்தவரை "வேண்டாம்". நான்காவதற்கான பதில் அந்த முன் டயரின் வயதில் இருக்கிறது. அதை நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

பொதுவாக எல்லோரும் பின் டயரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதுதான் சீக்கிரம் தேயும், அகலம் கூட்டினால் பார்க்கவும் எடுப்பாக இருக்கும். ஆனால் ஆளைக் காப்பாற்றுவது முன் டயர். வளைவில் பின் சக்கரம் லேசாக வழுக்கினால் பெரும்பாலும் சுதாரிக்க ஒரு கணம் கிடைக்கும். ஆக்சிலரேட்டரை நிதானமாகத் தளர்த்தினால் வண்டி மறுபடி வரிசைக்கு வரும். (பதறிப்போய் ஒரேயடியாக விட்டால் பிடிமானம் சட்டென்று திரும்பி ஆளைத் தூக்கி எறியவும் செய்யும். ஆகவே இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.) முன் சக்கரம் வழுக்கினால் அந்த ஒரு கணம் கூடக் கிடையாது, ஹேண்டில் உள்பக்கம் மடங்கும், அடுத்த நொடி தரை. அழுத்தி பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கும் முன் டயருடையதே. அதனால் எந்தக் கலவையை எடுத்துக்கொண்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பிடிமானத்தில் முன் டயர் பின் டயரைவிடத் தாழ்ந்து போகிறதா? போகிறது என்றால் அந்தக் கலவை தப்பு. நீங்கள் கேட்டிருக்கும் கலவை சரியாக அந்த ரகம்: பின்னால் புது ரேடியல், முன்னால் பாதி தேய்ந்த பயாஸ்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளை வாசிக்கத் தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். 140/70-17 எம்/சி 66எச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 140 என்பது அகலம், மி.மீ. கணக்கில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. அதாவது 98 மி.மீ. நடுவில் வெறும் கோடு இருந்தால் பயாஸ், அந்த இடத்தில் 'ஆர்' இருந்தால் ரேடியல். 17 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எம்/சி என்றால் மோட்டார்சைக்கிள் ரிம்முக்கானது. 66 சுமைக் குறியீடு: அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச எடை 300 கிலோ. 54 என்றால் 212 கிலோ, 62 என்றால் 265 கிலோ. கடைசி எழுத்து வேகக் குறியீடு: எஸ் மணிக்கு 180 கி.மீ., எச் 210, வி 240, டபிள்யூ 270. சுமையிலும் வேகத்திலும் கம்பெனி கொடுத்ததற்குச் சமமாகவோ மேலாகவோ வாங்கலாம், கீழே இறங்கக் கூடாது. "நான் அவ்வளவு வேகம் போவதில்லையே" என்று சொல்லி வேகக் குறியீட்டைக் குறைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்த எழுத்து டயரின் உட்கூடு எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. பின்னால் ஆள், பக்கத்தில் பெட்டிகள், உச்சி வெயில், கொஞ்சம் குறைந்த காற்று என்று எல்லாம் சேரும் நாளில் அந்தத் தாங்குதிறன் வேண்டியிருக்கும்.

பயாஸ், ரேடியல் விஷயத்துக்கு வருவோம். பயாஸ் டயரின் உள்ளே நூல் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்வாகக் குறுக்கிட்டு, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை ஓடுகின்றன. தரையைத் தொடும் பகுதிக்கும் பக்கச்சுவருக்கும் ஒரே அடுக்குகள்தான். ஒன்றை நெகிழவிட்டால் மற்றதும் நெகிழும். அடுக்குகள் ஒன்றோடொன்று உரசுவதால் சூடும் அதிகம். ரேடியலில் உட்கூட்டு நூல், டயர் ஓடும் திசைக்கு நேர்க்குறுக்காகப் போகிறது. அதற்கு மேலே, தரையைத் தொடும் பகுதிக்கு மட்டும் தனியாகப் பட்டைகள் சுற்றியிருக்கின்றன. அதனால் பக்கச்சுவர் இளகலாகவும் மேல்பகுதி விறைப்பாகவும் இருக்க முடிகிறது. வளைவில் சாய்க்கும்போது இரண்டும் பக்கவாட்டு விசைக்கு இணங்கும் விதம் வேறு, இணங்க எடுத்துக்கொள்ளும் நேரமும் வேறு. முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் பதில் சொன்னால் வண்டி வளைவின் நடுவில் அசைந்தாடும், நேர்ச் சாலையில் வேகமாகப் போகும்போது வால் ஆடும்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: முன்னே ரேடியல், பின்னே பயாஸ் என்ற கலவையைத் தொடவே வேண்டாம். முன் சக்கரம் சட்டென்று திரும்பப் பார்க்கும், பின் சக்கரம் தாமதமாக வந்து சேரும். டயர் கம்பெனிகள் பொதுவாக எச்சரிப்பதும் இதைத்தான். இதன் மறுதலை, அதாவது முன்னே பயாஸ், பின்னே ரேடியல், அவ்வளவு மோசமில்லை. அப்படியே தொழிற்சாலையிலிருந்து வரும் பைக்குகளும் உண்டு. ஆனால் அந்த வண்டிகளில் குறிப்பிட்ட இரண்டு டயர்களைச் சேர்த்து ஓட்டிப் பார்த்து, சஸ்பென்ஷனையும் அதற்கேற்ப அமைத்து விற்கிறார்கள். அதைக் காட்டி "அவன் வண்டியில் இருக்கிறதே, என் வண்டியிலும் போடலாம்" என்று சொல்ல முடியாது. உங்கள் மாடலுக்கு அந்தக் கலவையை வண்டிக் கம்பெனியோ டயர் கம்பெனியோ தன் பொருத்தப் பட்டியலில் ஒப்புக்கொண்டிருந்தால் போடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அகலம் என்பது பலரும் ஏமாறும் இடம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு டயரின் அகலம் தனியாக முடிவாவதில்லை. அதை எந்த ரிம்மில் மாட்டுகிறோம் என்பதும் சேர்ந்துதான் முடிவாகிறது. ஒவ்வொரு அளவு டயருக்கும் ஓர் அளவு-ரிம் உண்டு, அதாவது டயரின் அகலத்தை அளந்து சொல்ல அடிப்படையாக வைக்கும் ரிம் அகலம். 120/70-17 டயருக்கு 3.50 அங்குலம், 140/70-17க்கு 4.00, 160/60-17க்கு 4.50, 180/55-17க்கு 5.50. உங்கள் ரிம்மின் அகலம் ரிம்மிலேயே, பெரும்பாலும் ஆரத்தின்மேல் அல்லது உள்விளிம்பில், வார்ப்பில் எழுதியிருக்கும்: 3.50 x 17 என்பதுபோல. 130/70 வரும் வண்டிகளில் 3.50 ரிம் சாதாரணம். உங்களுடையதும் அதுவாக இருந்தால் 140/70 அந்த ரிம்மில் பொருந்தும் எல்லையின் விளிம்பில்தான் நிற்கும். மாட்ட முடியும், காற்றும் நிற்கும், கடைக்காரர் "கச்சிதமா உக்காந்திருச்சு" என்றும் சொல்வார். ஆனால் ரிம் அரை அங்குலம் குறுகினால் டயரின் அகலம் ஏறக்குறைய 5 மி.மீ. குறையும். 140 என்று காசு கொடுத்து வாங்கியது மாட்டியபின் 135 அளவில்தான் நிற்கும். அதைவிட முக்கியம், விளிம்புகள் உள்ளே நெருக்கப்படுவதால் டயரின் முதுகு கூம்பிவிடும். வடிவமைத்தவர் நினைத்த வளைவு போய், நடுப்பகுதி கூராகிறது. நேராகப் போகும்போது தரையைத் தொடும் பட்டை ஒடுங்கி, நடுப்பகுதி சீக்கிரம் தேய்கிறது. சாய்க்கும்போது முதலில் வெடுக்கென்று விழுவதுபோல ஓர் உணர்வு, அதன்பின் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாத தயக்கம்.

அகலம் கூடினால் கிரிப் கூடும் என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. தரையைத் தொடும் பரப்பு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை டயர்மேல் இருக்கும் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான். அவை மாறாமல் டயரை மட்டும் அகலமாக்கினால் அந்தப் பரப்பு அகன்று குட்டையாகும், பெரிதாக வளர்ந்துவிடாது. பிடிமானத்தை உண்மையில் மாற்றுபவை ரப்பரின் கலவை, அதன் வயது, சூடு, உட்கூட்டின் அமைப்பு. போதாக்குறைக்கு, அகன்ற டயரில் தொடும் புள்ளி வண்டியின் நடுக்கோட்டிலிருந்து அதிகம் விலகிப் போவதால், அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க வண்டியை இன்னும் சற்று அதிகமாகச் சாய்க்க வேண்டும். எடையும் கூடும், திருப்பமும் மந்தமாகும். அதிகச் சக்தி உள்ள வண்டிக்கு அகன்ற டயர் தேவைப்படுவது, அந்தச் சக்தியையும் சூட்டையும் தாங்க அதிக ரப்பர் வேண்டும் என்பதால். எஞ்சின் மாறாமல் டயரை மட்டும் பெரிதாக்கினால் அந்த லாபம் உங்களுக்கு வந்து சேராது.

உயரத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 17 அங்குலம் என்பது 431.8 மி.மீ. அதோடு இரண்டு பக்கச்சுவர்களையும் கூட்டினால் டயரின் முழு விட்டம். 130/70-17: 91 மி.மீ. இரண்டு முறை, மொத்தம் 613.8. 140/70-17: 98 இரண்டு முறை, மொத்தம் 627.8. 140/60-17 என்றால் 599.8. அதாவது 140/70 போட்டால் விட்டம் 14 மி.மீ. கூடுகிறது, 140/60 போட்டால் அதே 14 மி.மீ. குறைகிறது. முதலாவதில் பின்பக்கம் 7 மி.மீ. உயரும். இரண்டு அச்சுகளுக்கிடையே 1,350 மி.மீ. தூரமுள்ள ஒரு வண்டியில் இது முன் ஃபோர்க்கின் சாய்வை ஏறக்குறைய 0.3 டிகிரி நிமிர்த்தும். ட்ரெயில் எனப்படும் நிலைப்புத் தூரம் (ஹேண்டில் திரும்பும் அச்சு தரையைச் சந்திக்கும் புள்ளிக்கும் முன் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலான தூரம்) 2 மி.மீ. போலக் குறையும். தனியாகப் பார்த்தால் சின்ன மாற்றம். ஆனால் நீங்கள் ஒப்பிடப்போவது மொட்டையான பழைய டயரோடு. அதில் ஏற்கெனவே 5 மி.மீ. அளவு ரப்பர் போயிருக்கும். ஆக, மாற்றிய அன்று பின்பக்கம் ஒரேயடியாக 12 மி.மீ. உயர்ந்திருக்கும். புது டயர் போட்டதும் "வண்டி வெண்ணெய் மாதிரி திரும்புது" என்று சொல்வதில் ஒரு பங்கு இந்த உயரம், மீதி புது டயரின் உருண்டை வடிவம். அதை கிரிப் என்று நினைத்துக்கொண்டு வளைவில் வேகம் கூட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

விட்டம் மாறினால் வேறு சிலவும் மாறும். வேகத்தைப் பின் சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ அளக்கும் வண்டியில் ஸ்பீடோமீட்டர் 2.3 சதவீதம் குறைத்துக் காட்டும்; முன் சக்கரத்தில் அளக்கும் வண்டியில் எதுவும் மாறாது. இரண்டு சக்கரங்களிலும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) இருந்தால், அதன் கணினி முன், பின் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 2 சதவீத வேறுபாட்டைப் பெரும்பாலான வண்டிகள் பொறுத்துக்கொள்ளும் என்பது பொது அனுபவம். எந்த வண்டி எந்த எல்லை வரை பொறுக்கும் என்பதைத் தயாரிப்பாளர்கள் வழக்கமாக வெளியிடுவதில்லை. ட்ராக்‌ஷன் கன்ட்ரோலும் (முடுக்கும்போது பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் ஏற்பாடு) இருக்கும் வண்டியில் விளையாடிப் பார்க்காமல் இருப்பதே நல்லது. இடைவெளியையும் கவனிக்க வேண்டும். செயின், செயின் கார்டு, ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை), மட்கார்டு ஆகியவற்றுக்கும் டயருக்கும் நடுவில், வண்டி நிற்கும்போது சுண்டுவிரல் தாராளமாக நுழையும் இடமாவது வேண்டும். வேகத்தில் டயர் கொஞ்சம் விரியும், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும், இடையில் ஒரு கல் மாட்டிக்கொள்ளும். ஸ்டாண்டில் நிற்கும்போது தொடவில்லை என்பது போதுமான சான்று இல்லை.

இப்போது கம்பெனி கலப்பு. டயர் கம்பெனிகள் ஒரே குரலில் "ஜோடியாகவே போடுங்கள்" என்கின்றன. விற்பனை ஆசை அதில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் காரணமும் உண்டு. ஒரே வரிசையில் வரும் முன், பின் டயர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் முதுகு வளைவோடும் ரப்பர் கலவையோடும் வடிவமைக்கப்பட்டு, சேர்த்தே ஓட்டிப் பார்க்கப்படுகின்றன. வேறு வேறு கம்பெனி போட்டால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று அர்த்தமில்லை. இரண்டும் பயாஸ், இரண்டும் வண்டிக்கு உரிய அளவு, இரண்டும் ஒரே மாதிரி வேலைக்கானவை (சாதாரண சாலை டயரோடு சாதாரண சாலை டயர்), இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது என்றால், கம்பெனிப் பெயர் வேறாக இருப்பது தினசரி ஓட்டத்தில் பெரிய குறையாகத் தெரியாது. அனுபவசாலிகளுக்குள்ளும் கருத்து வேறுபாடு இருக்கும் இடம் இது. எனக்குச் சரியென்று படுவது, ஒரே வரிசை கிடைத்தால் அதை எடுப்பது, கிடைக்காவிட்டால் மேலே சொன்ன நான்கும் ஒத்துப்போகும் டயரைத் தயங்காமல் எடுப்பது.

கலக்கக் கூடாதது குணம். கூம்பிய முதுகுள்ள வேக ரக முன் டயர் சட்டென்று சாயும். தட்டையான முதுகுள்ள நெடும்பயண ரகப் பின் டயர் சாய மறுக்கும். இரண்டையும் சேர்த்தால் ஹேண்டிலை ஒவ்வொரு வளைவிலும் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ரப்பரிலும் இதே கதைதான். பின் டயர்களில் பல, நடுவில் கெட்டி ரப்பர், ஓரங்களில் மென்மையான ரப்பர் என இரட்டைக் கலவையில் வருகின்றன; நடுப்பகுதி நெடுநாள் உழைக்க, ஓரம் வளைவில் பிடிக்க. பின்னே மென்மையும் முன்னே கெட்டியும் அமைந்தால், பின் டயர் கொடுக்கும் தைரியத்தில் வளைவுக்குள் நுழைவீர்கள், கைவிடுவது முன் டயராக இருக்கும். முன்னே கொஞ்சம் மென்மையான டயர், பின்னே கொஞ்சம் கெட்டியான டயர் என்பது அப்படி இல்லை. தேய்மானக் கணக்குக்கும் அது ஒத்துவரும், ஏனென்றால் முன் டயர் எப்படியும் மெதுவாகத்தான் தேயும். ஒரு முன் டயரின் ஆயுளுக்குள் இரண்டு பின் டயர் தீர்ந்துபோவது சாதாரணம்.

மண், தார் இரண்டிலும் ஓடும் வண்டிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. முன்னே பெரிய கட்டை ட்ரெட் (தரையைத் தொடும் ரப்பரில் வெட்டியிருக்கும் வடிவம்), பின்னே சாலைக்கு நெருக்கமான ட்ரெட் என்று போடுவது அந்த வட்டத்தில் வழக்கம். சேற்றிலும் மணலிலும் வண்டியைத் திருப்புவது முன் சக்கரம் என்பதால் தர்க்கம் சரி. ஆனால் ஈரத் தாரில் அதே முன் டயர் பிரேக் பிடிக்கும்போது குறைவாகவே பிடிக்கும், ஏனென்றால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு, கட்டைகளும் வளைந்து கொடுக்கும். பெரும்பாலும் தாரில்தான் ஓட்டம் என்றால் அந்தக் கலவை வேண்டாம்.

நான்காவது கேள்வி: முன் டயரை விட்டுவைக்கலாமா? முதலில் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதி. 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு பக்கத்தில் இல்லையென்றால் மறுபக்கம் இருக்கும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது தேர்ந்த கண் பார்க்க வேண்டும், பத்து ஆண்டு ஆனதை எப்படித் தெரிந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் கம்பெனிகள் பல சொல்லும் கணக்கு. எப்போதும் வெயிலில் நிற்கும் வண்டிக்கு அந்தப் பத்து மிக நீளம் என்று நினைக்கிறேன். நகத்தால் அழுத்தினால் ரப்பர் கொஞ்சமும் இடம்கொடுக்காமல் பிளாஸ்டிக் போல இருந்தாலோ, பள்ளங்களின் அடியில் மெல்லிய கீறல்கள் ஓடினாலோ, பள்ளம் எவ்வளவு ஆழம் இருந்தாலும் அது போன டயர்தான். பள்ளத்துக்குள் குறுக்காக நிற்கும் சின்ன மேடுகள் தேய்மானக் குறிகள். பெரும்பாலான பைக் டயர்களில் அவை 0.8 மி.மீ. உயரம். சட்டம் எவ்வளவு கேட்கிறது என்பது நாட்டுக்கு நாடு வேறு. மழைக் காலத்தில் ஓட்டுபவர் 2 மி.மீ.க்குக் கீழே போகவிடாமல் மாற்றுவது நல்லது, ஏனென்றால் அதற்குக் கீழே தண்ணீரை வெளியேற்ற இடமில்லை.

தேய்ந்த விதத்தையும் தடவிப் பார்க்க வேண்டும். முன் டயரின்மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் தட்டுப்பட்டால் ட்ரெட் கட்டைகள் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கின்றன. காற்று குறைவாக ஓட்டியது, ஃபோர்க் தளர்ந்தது, பிரேக்கை அதிகம் நம்பி ஓட்டுவது என்று காரணம் பலவாக இருக்கலாம். அந்த முன் டயரை வைத்துக்கொண்டு பின்னே புதியது போட்டால், இதுவரை மொட்டை டயர் மறைத்துக்கொண்டிருந்த உறுமலும் அதிர்வும் பளிச்சென்று தெரியவரும், பழி புது டயர்மேல் விழும். உங்கள் முன் டயர் நான்கு ஆண்டுக்குள், சீராகத் தேய்ந்து, 3 மி.மீ. பள்ளத்தோடு இருந்தால் விட்டுவையுங்கள். இல்லையென்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கையில் ஒரு டயருக்கான பணம்தான் இருக்கிறது, முன்னது கெட்டி தட்டிப்போய்விட்டது, பின்னது மொட்டை என்ற நிலை என்றால், இரண்டாவதற்குப் பணம் சேரும்வரை வண்டியை எடுக்காமல் இருப்பதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆக, உங்கள் வண்டிக்கு என் வரிசை இது. முதலில், பின்னே அதே 130/70-17 பயாஸ், முடிந்தால் முன் டயரின் அதே வரிசை. ரேடியல்தான் வேண்டும் என்று மனசு சொன்னால் இரண்டையும் ஒன்றாக, ஜோடியாக, டயர் கம்பெனியின் பட்டியலில் உங்கள் மாடலுக்கு நேரே இருப்பதை எடுங்கள். இங்கே ஒரு கண்ணி உண்டு: முன்னுக்கு ரேடியல் என்று கேட்டால் பல இடங்களில் 110/70 தான் நீட்டுவார்கள். அந்த அளவுக்கு 3.00 அங்குல ரிம் வேண்டும். உங்கள் முன் ரிம் 2.50 என்றால் பின்பக்கம் சொன்ன அதே கூம்பல் கதை முன்பக்கம் நடக்கும், அதுவும் நடக்கவே கூடாத இடத்தில். ரிம்மில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கியபின் மாட்டுவதில் தவறு நடப்பது அதிகம். டயரின் பக்கத்தில் அம்புக்குறி இருக்கும். சக்கரம் உருளும் திசையை அது காட்ட வேண்டும். முன், பின் இரண்டுக்கும் பொதுவான டயர்களில் இரண்டு அம்புகள், எதிரெதிர்த் திசையில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பின் டயரின் பெரிய வேலை வண்டியை முன்னே தள்ளுவது, முன் டயரின் பெரிய வேலை பிரேக் பிடிப்பது. ரப்பர்மேல் வரும் இழுப்பு இரண்டிலும் எதிர்த் திசை என்பதால், உள்ளே ட்ரெட் ஒட்டிய இணைப்பு பிரியாமல் இருக்க அப்படி வைக்கிறார்கள். 'ஃப்ரண்ட்' என்று மட்டும் எழுதியதைப் பின்னால் மாட்டக் கூடாது. ட்யூப்லெஸ் டயர் மாற்றும்போது வால்வையும் புதுசாக மாற்றச் சொல்லுங்கள். ஆர வீலில் ட்யூப் உள்ளவர்கள் ஒவ்வொரு டயருக்கும் புது ட்யூப், ரிம் பட்டையும் புதுசு. பழைய ட்யூப் நீண்டுபோயிருக்கும், புது டயருக்குள் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பிலேயே கிழியும். பக்கச்சுவரில் வண்ணப் புள்ளி இருந்தால், அது வழக்கமாக டயரின் எடை குறைந்த இடம். வால்வுக்கு நேரே வைக்க வேண்டும். காற்று ஏற்றியதும் ரிம்மின் ஓரத்தை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கும் மேல் அழுத்தம் கூட்டி அடிக்கவிடாதீர்கள், ரிம்மும் ஆளும் சேதமாகலாம். பேலன்ஸ் பார்ப்பது முன் சக்கரத்துக்குக் கட்டாயம். பின்னுக்கும் பார்த்தால் நல்லது.

காற்றின் அளவு வண்டியின் ஸ்விங் ஆர்மிலோ செயின் கார்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள எண், அதிகபட்ச சுமைக்கான அழுத்தம். அதை அன்றாட அளவாக வைத்தால் வண்டி குதிக்கும், பிடிமானம் குறையும். காலையில், வண்டியை எடுக்கும் முன், குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும். வெப்பநிலை 6 டிகிரி ஏறி இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. மாறும். அரை மணி ஓட்டியபின் 10 சதவீதம் ஏறுவது இயல்பு, 30 இருந்தது 33 ஆகலாம். அதைவிட நிறைய ஏறினால் காலையில் வைத்த காற்று குறைவு என்று ஒரு சாடை. சூடான டயரில் ஏறியதைப் பார்த்து இறக்கிவிடக் கூடாது.

புது டயரின் மேல்தோல் அச்சிலிருந்து வந்த வழவழப்போடு இருக்கும், ரிம்மோடும் இன்னும் இறுகியிருக்காது. முதல் 150 கி.மீ. வரை திடீர் பிரேக், திடீர் முடுக்கம், பெரிய சாய்வு எதுவும் வேண்டாம்; சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஈரத்தில் இன்னும் கவனம். நேர்ச் சாலையில் மட்டும் 150 கி.மீ. ஓட்டினால் நடுப்பகுதிதான் பழகியிருக்கும், ஓரங்கள் அப்படியே புதுசாக இருக்கும். பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டியதால் செயின் தளர்வையும், ஸ்விங் ஆர்மின் இரு பக்கக் கோடுகளும் ஒத்திருக்கின்றனவா என்பதையும் சரிபாருங்கள், ஆக்சில் நட்டைச் சொன்ன அளவுக்கு முறுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கடையிலிருந்து வண்டியை நகர்த்தும் முன் இரண்டு பிரேக்கையும் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்துங்கள். சக்கரத்தைக் கழற்றும்போது பிரேக் பேட் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். முதல் அழுத்தத்தில் லீவர் வெறுமனே உள்ளே போகும். மறுநாள் காலை காற்றை அளந்து பார்த்து, 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கியிருந்தால் அன்றே கடைக்குக் கொண்டுபோய் வால்வையும் ரிம் விளிம்பையும் சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.